பள்ளியறை பள்ளிக்கூடம் ஆன கதை



மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் வழக்கம்போல என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். இராட்டிரகூடர் காலத்துச் சமணம் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். குறிப்பெல்லாம் எடுத்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்த இடம் என் மகனுடைய பழைய படுக்கையறை. பத்தடிக்குப் பதினோரு அடி. அங்கே உட்கார்ந்து பேனாவைத் திறந்தால் அந்த அறையைப் பற்றியேதான் எழுத வருகிறது. ஆகவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இது ஒரு அறையின் வரலாறு. ஆனால் அந்த வரலாறு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு பின்னால் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பட்டம் படித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். எங்கள் வட்டாரம் கோரைப்பாய்க்குப் பேர்போனது என்பது உங்களுக்குத் தெரியும். 1982இல் நாலு கட்டுப் பாயோடு புனேக்கு வந்து ரவிவார் பேட்டில் கடை போட்டவன். பாய், ஜமக்காளம், தலையணை, மெத்தை விரிப்பு என்று நாற்பது வருஷமாகப் படுக்கை விற்றுப் பிழைத்தவன். அதனால் படுக்கை பற்றிப் பேச எனக்கு ஒரு சிறு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் ராஸ்தா பேட்டில் ஒற்றை அறை. அதிலேயே சமையல், அதிலேயே தூக்கம், அதிலேயே சரக்கும் இருக்கும். 1996இல் நிக்டியில் இரண்டு படுக்கையறை பிளாட் வாங்கினோம். ஓர் அறை எங்களுக்கு, ஓர் அறை பிள்ளைகளுக்கு. மகள் கல்யாணமாகி பெங்களூர் போனாள். 2014இல் மகன் வேலைக்கு வெளிநாடு போனான். அந்த அறையின் கதவைச் சாத்தி வைத்தோம். வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவதற்கு மட்டும் திறப்போம். இந்த மலரைப் படிக்கிற வீடுகளில் பாதி வீட்டிலாவது இப்படி ஓர் அறை இருக்கும்.

ஒருநாள் வீட்டம்மா கேட்டாள். "ஏங்க, அந்த ரூமை இன்னா பண்றதா உத்தேசம்? சும்மா பூட்டி வச்சிக் காவல் காக்கறதுக்கா இத்தினி வருஷம் தவணை கட்டினோம்?"

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன் எவனுக்காவது வாடகைக்கு விடலாம் என்றார் பக்கத்து பிளாட் மராத்தி நண்பர். மழைக்காலத்தில் பாய் அடுக்கலாம் என்றான் கடைப் பையன். மகனோ போனில், "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டான். அந்த இஷ்டம் என்ன என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பள்ளி என்ற சொல்

பள்ளி என்றால் இன்றைக்கு நமக்குப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஆனால் பள்ளியறை என்றால் படுக்கையறை. பள்ளிகொண்ட பெருமாள் என்றால் படுத்திருக்கிற பெருமாள். ஒரே சொல், இரண்டு பொருள். இதில் படுக்கை என்பதுதான் மூத்த பொருள். படிப்பு பின்னால் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்பதற்குத் தமிழ்நாட்டுக் குன்றுகள் சாட்சி சொல்கின்றன.

மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வழியில் மாங்குளம் மலை. அங்கே இயற்கையான குகைத்தளத்தில் பாறையைச் செதுக்கி, வழவழப்பாக்கிப் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க, பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அந்த நெற்றியிலேயே தமிழி எழுத்தில் கல்வெட்டு. தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகளில் இவையும் சேர்ந்தவை. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டு முந்தியவை என்பது அறிஞர்கள் கணிப்பு. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் அதில் வருகிறது. தானம் பெற்றவர் கணி நந்தன் என்ற சமணத் துறவி. அவருக்குக் கொடுத்த இடத்துக்குக் கல்வெட்டு தருகிற பெயர்தான் பள்ளி.

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம். அங்கே 17 படுக்கைகள். தலைமாட்டில் தலையணை மாதிரி கல்லையே உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். நான் அங்கே போனபோது முழம் போட்டு அளந்து பார்த்தேன். தொழில் புத்தி, என்ன செய்ய! ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், புரண்டு படுக்க இடம் இல்லை. என் கடையில் விற்கிற ஒற்றைப் பாய் அளவுதான் கிட்டத்தட்ட.

இந்தக் கல்வெட்டுகளை முதலில் பார்த்தவர்களுக்கு இது என்ன மொழி என்றே புரியவில்லை. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சிவெல் 1882இல் கவனித்து எழுதினார். எழுத்து பிராமி மாதிரி இருந்தது, மொழி பிடிபடவில்லை. இது தமிழ்தான் என்று நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். 1924இல் சென்னையில் நடந்த அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் அவர் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அது மூன்றாவது மாநாடு. முதல் மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? 1919இல் நம்ம புனேயில், பண்டார்கர் நிலையத்தில். அந்த நிலையத்து வாசலை எத்தனையோ முறை ஸ்கூட்டரில் கடந்திருக்கிறேன், இந்தத் தொடர்பு தெரியாமலே. பிறகு ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெரிய நூல் இந்தக் கல்வெட்டுகள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தந்தது.

படுக்கை கொடுத்த வாணிகர்கள்

இந்தப் படுக்கைகளை வெட்டிக் கொடுத்தவர்கள் யார்? அரசன் பெயரும் அதிகாரிகள் பெயரும் ஒருசில இடத்தில் வருகின்றன. ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர்கள் வேறு சிலர். மாங்குளத்தில் வெள்ளறை என்ற ஊரின் நிகமம், அதாவது வணிகர் சங்கம், தானம் கொடுத்திருக்கிறது. அழகர்மலையில் பட்டியலே இருக்கிறது. உப்பு வாணிகன், பாணித வாணிகன், கொழு வாணிகன் என்று. பாணிதம் என்றால் வெல்லப்பாகு, கொழு என்றால் ஏர்முனை இரும்பு. கரூர்ப் பக்கம் புகளூரில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவன் கொடுத்த உறைவிடம் இருக்கிறது.

பாருங்க, பெரிய செட்டு இல்லை இவர்கள். உப்பு விற்றவன், வெல்லம் விற்றவன். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனவர்கள். அப்படிப் போகிற வழியில் ஒரு குன்று, அதில் ஒரு துறவி. அந்தத் துறவி தங்கட்டும் என்று கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து ஒரு படுக்கை வெட்டச் சொல்லியிருக்கிறான். தன் சரக்கின் பேரையும் தன் பேரையும் பொறிக்கச் சொல்லியிருக்கிறான். அவன் விற்ற உப்பு கரைந்துவிட்டது. அந்தப் படுக்கை இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சமணத் துறவி ஓரிடத்தில் நிலையாக இருக்கக் கூடாது. மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்குவார். மற்ற எட்டு மாதமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் படுக்கைகள் வருஷத்தில் பெரும் பகுதி வெறுமையாகவே கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாருக்கும் சொந்தமில்லாத படுக்கை. ஒருவர் எழுந்து போனால் அடுத்து வருகிறவருக்கு. இதைப் படித்தபோதுதான், பூட்டி வைத்திருந்த அறையை நினைத்து எனக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது.

படுக்கை எப்போது பாடசாலை ஆனது?

துறவி தங்கிய இடத்துக்கு ஊரார் வந்தார்கள். அறம் கேட்டார்கள். பிள்ளைகளை அனுப்பினார்கள். எங்கள் மரபில் நான்கு தானம் சொல்வார்கள். உணவு, மருந்து, சாத்திரம், அபயம். அதாவது சோறு போடுவது, நோய் தீர்ப்பது, அறிவு கொடுப்பது, அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம் கொடுப்பது. பள்ளியில் இந்த நான்கும் நடந்தன. துறவி இருந்த பள்ளியில் பாடம் நடந்ததால், படிக்கிற இடத்துக்கே பள்ளி என்று பேர் வந்துவிட்டது என்பதை மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் "சமணமும் தமிழும்" நூலில் விளக்கியிருக்கிறார். 1954இல் வந்த நூல். தமிழ்ச் சமணன் ஒவ்வொருவன் வீட்டிலும் இருக்க வேண்டியது.

இதைச் சமணரின் தனிச் சொத்து என்று நான் கொண்டாடவில்லை. மதுரைக்காஞ்சியில் பௌத்தப் பள்ளியும் வருகிறது, அந்தணர் பள்ளியும் வருகிறது. இஸ்லாமியர் தொழுகிற இடத்தைப் பள்ளிவாசல் என்கிறோம். மலையாளத்தில் கிறித்தவக் கோயிலும் பள்ளிதான். எல்லாரும் வந்து இருந்துவிட்டுப் போன சொல் அது.

ஆனால் ஒன்றைப் பெருமையாகவே சொல்வேன். அந்தப் பள்ளிகளில் பெண்களும் பாடம் சொன்னார்கள். குரத்தியார் என்று அவர்களுக்குப் பேர். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் பலர் வருகிறார்கள். எங்கள் வந்தவாசி வட்டாரத்து வேடல் ஊரில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் கி.பி. 885. கனகவீரக் குரத்தியார் என்ற அம்மையாருக்கு ஐந்நூறு மாணாக்கர்கள். இன்னொரு தரப்புத் துறவியரோடு பிணக்கு வந்தபோது, இவர்களைக் காப்பாற்றிச் சோறு போடுவது எங்கள் பொறுப்பு என்று ஊரார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் பாட்டியும் அந்தப் பக்கத்துக்காரிதான். பாவம், கையெழுத்துப் போடத் தெரியாது. ஆயிரம் ஆண்டில் எதை இழந்தோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படுக்கைகளுக்கும் அந்தக் கதிதான். யார் வெட்டினது என்பது மறந்து, பல ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்று கதை கட்டிவிட்டார்கள். அதுவாவது பரவாயில்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகள் குன்று குன்றாக விழுங்கின. மாங்குளம் மலை இருக்கிற மீனாட்சிபுரத்தையும் பக்கத்து அரிட்டாபட்டியையும் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அப்படி இருந்தும் 2024இல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஜனங்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அது ரத்தானது. இரண்டாயிரம் வருஷத்துப் படுக்கையைக் காப்பாற்றியவர்கள் நம்மைப் போன்ற புத்தகப் புழுக்கள் அல்ல. ஆடு மாடு மேய்க்கிற, நெல்லு நடுகிற ஜனங்கள்.

நமது புனே கற்பித்த பாடம்

இதெல்லாம் தமிழ்நாட்டுச் சங்கதி, புனேக்கு என்ன என்று கேட்பீர்கள். லோனாவளாவுக்கு ரயிலில் போகும்போது காம்ஷேத் ஸ்டேஷன் தாண்டுகிறோம் அல்லவா? அதன் பக்கத்தில் பாலே என்ற கிராமம். அங்கே ஒரு குகை. அதில் பிராமி எழுத்தில் பிராகிருதக் கல்வெட்டு. அருகரை வணங்கித் தொடங்குகிறது. இந்திரரக்ஷிதர் என்ற துறவி குகையும் தண்ணீர்த் தொட்டியும் வெட்டுவித்த செய்தி. டெக்கான் கல்லூரியின் சங்காலியாவும் ஷோபனா கோகலேவும் வெளிப்படுத்தியது. கி.மு. இரண்டு அல்லது ஒன்றாம் நூற்றாண்டு, மகாராஷ்டிரத்திலேயே பழைய சமணக் கல்வெட்டு இதுதான் என்கிறார்கள். அப்படியென்றால் மாங்குளத்தில் உளிச்சத்தம் கேட்ட காலத்துக்குக் கொஞ்சம் பின்னால், நம்ம மாவள் மலையிலும் உளிச்சத்தம் கேட்டிருக்கிறது. நாம் இந்த ஊருக்கு அந்நியர் இல்லை.

கிட்டத்து வரலாற்றுக்கு வருவோம். வீட்டுக்குள் இருந்த இடத்தைப் பள்ளிக்கூடமாக மாற்றியதில் இந்த ஊர் இந்தியாவுக்கே முன்னோடி. 1848இல் புதவார் பேட்டில் பிடே என்பவரின் வாடாவில், அதாவது முற்றம் வைத்த நாற்கட்டு வீட்டில், ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். தனிக் கட்டிடம் கட்டி, திறப்பு விழா நடத்தி அல்ல. ஒருவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வீடு பல காலம் சிதிலமாகக் கிடந்தது. 2023 டிசம்பரில் நினைவுச் சின்னம் எழுப்புவதற்காக இடித்தார்கள். கணபதி கோயில் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஓட்டை மாடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு என்னமோபோல இருக்கிறது.

ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் தம் சொந்தப் புத்தகங்களைக் கொடுக்க, அவருடைய 80ஆவது பிறந்த நாளில், 1917 ஜூலை 6ஆம் தேதி, அவர் பெயரால் நிலையம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே டெக்கான் கல்லூரியில் இருந்த அரசுச் சுவடிகள் அங்கே வந்தன. அவரும் பூலர், கீல்ஹார்ன் போன்றவர்களும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த சுவடிகள் அவை. அவற்றில் சமணச் சுவடிகள் ஏராளம். மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பு அந்த நிலையத்தில் 1919இல் தொடங்கி 1966 வரை நடந்தது. ஒரு மனுஷன் தன் அலமாரியைத் திறந்துவிட்டதில் இத்தனை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் தினகர் கேல்கர். 1896இல் பிறந்தவர், மூக்குக்கண்ணாடி வியாபாரக் குடும்பம். அஞ்ஞாதவாசி என்ற புனைபெயரில் மராத்திக் கவிதை எழுதினவர். 1920 வாக்கில் பழைய பொருள் சேர்க்க ஆரம்பித்தார். விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி, சீப்பு, கால் தேய்க்கிற வஜ்ரி, வீணை, தம்புரா. ராஜாவின் கிரீடம் தேடிப் போகவில்லை, வீட்டில் பெண்கள் புழங்கிய சாமான்களைத் தேடிப் போனார். அவருடைய மகன் ராஜா சின்ன வயதிலேயே இறந்துவிட்டான். அந்தப் பிள்ளையின் பெயரையே அருங்காட்சியகத்துக்கு வைத்தார். மனைவி கமலாபாய் கூடவே உழைத்தார். கடைசியில் அத்தனையையும் மகாராஷ்டிர அரசுக்கே கொடுத்துவிட்டார். 1990இல் காலமானார். இன்றைக்கு 20,000க்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஷனிவார் வாடாவுக்கு அடுத்தபடியாக நாம் கூட்டிக்கொண்டு போகிற இடம், பாஜிராவ் சாலை ராஜா கேல்கர் மியூசியம் அதுதான். டிக்கெட் வாங்கும்போது அந்த ராஜா ஒரு மன்னன் என்றே நான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஒரு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த பிறகு உள்ளே போனால், பாக்குவெட்டிகூட வேறு மாதிரி தெரிகிறது.

என் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். வாரம் தவறாமல் போனில் முகம் பார்க்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன் தன் வீட்டை ஊருக்குத் திறந்தார். பிள்ளை நன்றாக இருக்கிற நான் அறையைப் பூட்டி வைத்திருந்தேன்.

சுவடி இருந்த வீடுகள்

நம் பக்கத்து வரலாற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அந்தக் காவியத்தின் சமணச் செய்திகள் புரியாமல் அவர் திண்டாடியபோது கைகொடுத்தவை கும்பகோணத்துச் சமண வீடுகள். சந்திரநாத செட்டியார் வீட்டில் சிந்தாமணியைப் பாடம் கேட்டு முடித்ததைத் தோரணம் கட்டி விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் திண்டிவனம் பக்கத்து வீடூர் அப்பாசாமி நயினார் அங்கே இருந்தார். பல்கலைக்கழகம் கிடையாது, ஆய்வு மையம் கிடையாது. ஒரு வீட்டுக் கூடம், சில சுவடிக் கட்டுகள், கேட்க நாலு பேர். அதனால் ஒரு காவியம் பிழைத்தது.

எல்லாச் சுவடிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டவை எத்தனையோ, அடுப்பில் போனவை எத்தனையோ. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர், விளம்பரப் பலகை எழுதுகிற தொழில்காரர், வீடு நிறையப் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசும் அழைப்பிதழுமாகச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அது பிழைத்தது. நம் வீட்டு அலமாரி பிழைக்குமா?

நான் செய்த தவறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அறையை ஒழிக்க முடிவு செய்த அன்று, மகனுடைய பழைய பாடப்புத்தகம், கைடு, நோட்டு எல்லாவற்றையும் கட்டி ரத்திக்காரரிடம் போட்டேன். எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. என் அப்பாவின் பேரேடு ஒன்றை மகன் அந்தக் கட்டிலேதான் வைத்திருந்தான். அவன் எட்டாவது படிக்கும்போது, தாத்தா ஞாபகமாக என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது.

பாய்க் கடைப் பேரேடு அது. முன்பக்கம் கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் அருங்கலச்செப்பு. எங்கள் இல்லறத்தாருக்கான ஒழுக்க நூல், 180 குறட்பாக்கள். அப்பா தன் கையால் முழுதும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பொருள் எழுதியிருந்தார். நடுநடுவே எங்கள் பிறந்த தேதிகள், கிணறு வெட்டிய செலவு, பாட்டி இறந்த நாள். ரத்திக்காரரைத் தேடிப் போனேன். லாரி ஏற்றியாச்சு காகா, என்றார். அவர் மேல் தப்பு இல்லை.

அருங்கலச்செப்பு அச்சில் கிடைக்கிறது, வாங்கியும் வைத்திருக்கிறேன். அப்பா சொன்ன பொருள் அதில் இல்லை. இல்லறத்தான் தன் உடைமைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்பது எங்கள் விரதங்களில் ஒன்று. நிலம், வீடு, பொன் என்று எண்ணிக்கொண்டு போகும் பட்டியலில் படுக்கையும் ஆசனமும்கூட உண்டு. அந்த இடத்துக்கு அப்பா என்ன எழுதியிருந்தார் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். வரவில்லை. மகனிடம் சொன்னபோது அவன் கோபிக்கவில்லை. "அதுல எங்க பிறந்த தேதியும் தாத்தா எழுதியிருந்தாருப்பா" என்று மட்டும் சொன்னான். அது எனக்குத் தெரியாது.

இப்போது அந்த அறை

கட்டிலைக் கழற்றிக் கடைப் பையன் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று சுவரில் அலமாரி. என்னிடம் இருந்த புத்தகங்கள், சங்க அன்பர்கள் கொடுத்தவை, கிர்க்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு குடும்பம் கொடுத்த பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுகள். தரையில் வந்தவாசிப் பாய். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் எழுத்து வகுப்பு.

முதல் வாரம் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் மாதம் நாலு பேர். கிரிக்கெட்டோடும் கணக்கு ட்யூஷனோடும் போட்டி போட என்னால் முடியவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். வந்த நாலு பேரில் ஒருத்தி நம் தமிழ் வீட்டுக்கு மருமகளாக வந்த மராத்திப் பெண். மாமியார் எழுதி வைத்த சமையல் நோட்டைப் படிக்க வேண்டும் என்று வந்தாள். ஆறு மாதத்தில் படித்துவிட்டாள். ரசப்பொடி அளவில் மாமியார் செய்திருந்த ஒரு தப்பையும் கண்டுபிடித்துவிட்டாள் என்று கேள்வி.

இன்னொரு வேலையும் நடக்கிறது. அலமாரியில் ஒரு தட்டைப் புனேத் தமிழ்க் குடும்பங்களின் காகிதங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். முதல் ரேஷன் கார்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், தமிழ் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நம் சங்கத்தின் பழைய மலர்கள். இந்த ஊருக்கு நாம் எப்படி வந்தோம், எங்கே குடியிருந்தோம் என்பதற்கு இவைதான் கல்வெட்டு. உப்பு வாணிகன் பாறையில் பேர் பொறித்தான். நமக்குப் பாறை கிடையாது, ரேஷன் கார்டு இருக்கிறது.

போன டிசம்பரில் மகன் குடும்பத்தோடு வந்தான். அவனும் பேரனும் அந்த அறையிலேயே, புத்தக அலமாரிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தார்கள். "கட்டில் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, இதுவே நல்லாருக்கு" என்றான். ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வருகிற நேரம் ஆகிவிட்டது என்று பேரனை எழுப்பினேன். பாயைச் சுருட்டினான். கண்ணைக் கசக்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தான். மராத்திப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அன்றைக்கு ஆனா எழுதினான். பள்ளி என்ற சொல்லின் இரண்டு பொருளும் அரைமணி நேரத்தில் என் கண்முன்னால் நடந்தது.

சங்கத்து அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டுதான். ஒன்று, பிள்ளைகளின் அறையை ஒழிக்கும்போது ரத்திக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு நோட்டையும் பின்பக்கத்திலிருந்தும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இரண்டு, வைக்க இடமில்லை என்று தோன்றுகிற தமிழ்க் காகிதம் எதுவானாலும் என்னிடம் கொண்டு வாருங்கள். இடம் இருக்கிறது. எந்த நாளும் வரலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள் வந்தால் சாப்பிட்டுப் போகலாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.